சாரணியர் குழுவும் அதன் பேட்ஜ்களும்: தேர்வு வைக்கும் ஒரு நர்ஸின் விமர்சனம்

என் மகள் சாரணியர் குழுவில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் நர்ஸ். முதலுதவி பேட்ஜுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வேண்டும் என்று அவள் குழுவின் கேப்டன், அதாவது குழுவை நடத்தும் பெரியவர், கேட்டபோது சரி என்றேன். அப்புறம் மற்ற குழுக்களும் கூப்பிட ஆரம்பித்தன. ஆக, இந்த இயக்கத்தை அம்மாவாகவும் பார்க்கிறேன், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேர்வு வைப்பவளாகவும் பார்க்கிறேன். “பொண்ணைச் சேர்க்கலாமா, அந்த பேட்ஜுக்கெல்லாம் ஏதாவது மதிப்பு இருக்கா?” என்று வார்டில் கூட வேலை செய்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சேர்க்கலாம். தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் அந்தக் குழுவில் பேட்ஜை எப்படித் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரே இயக்கம், ஒரே சீருடை, ஒரே உறுதிமொழி. இருந்தும் ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் தெரிகிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணப் பையன்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். யாரும் அழைக்காமலே சில பெண்களும் அங்கே வந்து நின்று, தங்களுக்கும் இது வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த வருடம், 1910இல், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தன் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கிவைத்தார். 1912இல் ஜூலியட் கார்டன் லோ அதை அமெரிக்காவில் சவானா நகரில் தொடங்கினார். 1928இல் உலக அளவில் ஒரு சங்கம் உருவானது. இன்று சுமார் 150 நாடுகளில் இருக்கிறது. வயதுப் பிரிவுகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் புல்புல், கைடு, ரேஞ்சர், பிரிட்டனில் ரெயின்போ, பிரவுனி, கைடு, ரேஞ்சர், அமெரிக்காவில் டெய்சியில் தொடங்கி அம்பாசிடர் வரை. மூன்று இலைச் சின்னம், மூன்று விரல் வணக்கம், இடது கைக் குலுக்கல், இவை எங்கே போனாலும் ஒன்றுதான். கேட்டு வாங்கிய பெண்களிடமிருந்து தொடங்கிய இயக்கம் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் மகளிடம் முதலில் சொன்ன கதையும் அதுதான்.

பேட்ஜ்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று படிப்படியாக ஏறுவது: உறுதிமொழி எடுத்துச் சேர்ந்த பிறகு முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எல்லோரும் ஒரே வழியில் போவார்கள். முடிச்சு, கொடி, திசை அறிதல், முதலுதவி, கூடாரம், சேவை என்று எல்லாமே அதில் கொஞ்சம் கொஞ்சம் வரும். இன்னொன்று அவரவர் விருப்பத்துக்கு எடுப்பது: சமையல், தையல், நீச்சல், வரைபடம் படித்தல், தோட்டம், புகைப்படம், நட்சத்திரம் பார்ப்பது. இந்த இரண்டாவது வகைதான் சட்டைக் கையில் வரிசை வரிசையாக ஏறும். வெளியாட்கள் பார்த்து வியப்பதும் இதைத்தான்.

என் மகள் முதலில் எடுத்த விருப்ப பேட்ஜ் தையல். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டேன். “வாங்குற பேட்ஜையெல்லாம் நானே தைச்சுக்கலாம்ல” என்றாள். அதிலிருந்து அவள் சட்டையை நான் தொட்டதே இல்லை. வட்டமான பேட்ஜைத் துணியில் வைத்துத் தைக்கும்போது ஓரம் சுருங்கி ஒரு பக்கம் எழும்பும். அதற்கு முதலில் நான்கு திசையிலும் ஒவ்வொரு தையல் போட்டு நிறுத்திக்கொண்டு, பிறகு சுற்றி வர வேண்டும். அவள் அணியில் இருந்த ஒரு பெரிய பெண் சொல்லிக்கொடுத்த வழி இது. இப்போது அவளைவிடச் சின்னவள் ஒருத்திக்கு இவள் சொல்லிக்கொடுக்கிறாள்.

பேட்ரல் என்பது ஆறிலிருந்து எட்டுப் பெண்கள் உள்ள சிறு அணி. ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி லீடர், இன்னொருத்தி செகண்ட். வாரக் கூட்டம் கொடி வணக்கத்தோடு தொடங்கும். அதன் பிறகு நன்றாக நடக்கும் குழுவில் கேப்டன் பெரும்பாலும் ஓரமாகத்தான் நிற்பார். மூலைக்கு ஒரு பேட்ரல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மூலையில் கயிறு, ஒரு மூலையில் திசைகாட்டி, இன்னொரு மூலையில் முகாமுக்கு யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல். நடுவில் ஒரு விளையாட்டு. தட்டில் இருபது முப்பது பொருள்களை வைத்து ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துணியால் மூடி, நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். பார்க்க எளிது, எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். கடைசியில் பேட்ரல் லீடர்கள் மட்டும் கேப்டனோடு உட்கார்ந்து அடுத்த மாதத் திட்டத்தை முடிவு செய்வார்கள். பதின்மூன்று வயதுப் பெண் பெரியவர் ஒருவரின் எதிரே உட்கார்ந்து, “எங்க பேட்ரல்ல ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது, அதனால ஆத்துப் பக்கம் முகாம் வேண்டாம்” என்று காரணத்தோடு பேசியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். கேப்டன் இடத்தை மாற்றினார்.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதிக்கு வருகிறேன்: தேர்வு.

முதலுதவி பேட்ஜுக்கு நான் கேள்வித்தாள் வைப்பதில்லை. இன்னொரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, “இவள் சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டாள், முன்கையில் அடி” என்பேன். அவ்வளவுதான். மீதியை வந்தவள் செய்ய வேண்டும். நான் முதலில் பார்ப்பது கட்டுத் துணியைத் தொடுவதற்கு முன்னால் அவள் அடிபட்டவளோடு பேசுகிறாளா என்பதை. பேர் கேட்கிறாளா, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறாளா? எங்கள் வேலைக்கு வரும் புதியவர்களே இதில் தடுமாறுவார்கள்.

அப்புறம் தூளிக் கட்டு, அதாவது அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தாங்கி நிறுத்தும் கட்டு. முக்கோணத் துணியைக் கைக்கும் மார்புக்கும் நடுவே நுழைக்க வேண்டும். முனை முழங்கைப் பக்கம் வர வேண்டும். மேல் நுனி அடிபடாத தோள் வழியாகக் கழுத்தைச் சுற்றி வரும். கீழ் நுனியைக் கையின் மேல் தூக்கி, அடிபட்ட பக்கத்துக் காறை எலும்புக்கு மேல் உள்ள பள்ளத்தில் இரண்டையும் முடிய வேண்டும். பிடரி எலும்பின் மேல் முடிச்சு விழுந்தால் சிறிது நேரத்தில் கழுத்து வலிக்கும். முடிச்சு ரீஃப் நாட்டாக இருக்க வேண்டும்: வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது. அப்போதுதான் அது உடம்போடு தட்டையாகப் படியும், அவிழ்க்கவும் எளிது. இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு திருகி நிற்கும், நழுவும். அதைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்து, “சிஸ்டர், இது தப்பா வந்திருக்கு, திரும்பப் போடறேன்” என்று தானே அவிழ்க்கும் பெண்ணுக்கு நான் மனதுக்குள் பேட்ஜ் கொடுத்துவிடுவேன். கட்டி முடித்த பிறகு விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அமுக்கிவிட்டால் இரண்டு நொடிக்குள் ரத்த நிறம் திரும்ப வேண்டும். போன முறை நான் வைத்த தேர்வில் ஒரு குட்டிப் பெண், நான் எதுவும் கேட்காமலே, நாற்காலியில் இருந்தவளின் கட்டைவிரல் நகத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டு, “அக்கா, விரல் மரத்துப் போனா உடனே சொல்லணும்” என்றாள். தன் பேட்ரல் லீடரிடம் பழகும்போது கேட்ட வார்த்தையை அப்படியே சொல்கிறாள். நடிப்பு மறந்துபோய் நிஜமாகவே கவனிக்கிறாள்.

எல்லோரையும் நான் தேற்றுவதில்லை. தீக்காயத்துக்கு என்ன செய்வாய் என்றால் பற்பசை, ஐஸ் என்று வருபவர்கள் இன்னும் உண்டு. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் என்பது கைக்கு வர வேண்டும், வாயில் மட்டும் இருந்தால் போதாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னால் 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கே புரியும். சரியாக வராதவர்களை “அடுத்த மாதம் வா” என்று அனுப்புவேன். இங்கேதான் பள்ளித் தேர்வுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். மதிப்பெண் கிடையாது, ராங்க் கிடையாது, தோல்வி என்று எங்கும் பதிவாகாது. தெரிந்துகொண்டு மறுபடி வரலாம். வருகிறார்கள். அப்படி இரண்டாவது முறை வந்து வாங்கியவர்கள்தான் தங்கள் பேட்ரலில் மற்றவர்களுக்கு நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்பது நான் கவனித்த விஷயம்.

இது வீட்டுக்கும் வருகிறது. என் மாமனாருக்கு ஒரு நாள் மூக்கில் ரத்தம் வந்தது. மாமியார் பதறிப்போய்த் தலையை நிமிர்த்தச் சொன்னார். மகள் உடனே, “இல்ல பாட்டி, முன்னாடி குனியணும், இல்லாட்டி ரத்தம் தொண்டைக்குள்ள போகும்” என்று சொல்லி, தாத்தாவை முன்னால் சாயவைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் விடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைக் கையில் இருந்த அந்தச் சின்னத் துணி வட்டத்துக்கு நான் தரும் மதிப்பெண் அன்றைக்குப் போட்டதுதான்.

இப்போது கசப்பான பகுதி. எல்லாக் குழுவும் இப்படி இல்லை. ஒரு குழுவில் என்னைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போனால் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. எல்லோர் பெயருக்கும் எதிரே டிக் போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும், நேரம் இல்லை, ஆண்டு விழாவுக்குள் பேட்ஜ் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். நான் போடவில்லை. பெண்களைக் கூப்பிட்டு ஒரு ரோலர் பேண்டேஜைக் கையில் கொடுத்தேன். பாதிப் பேருக்கு எந்தப் பக்கத்திலிருந்து பிரிப்பது என்றே தெரியவில்லை. அந்தப் பெண்கள் மேல் ஒரு தவறும் கிடையாது. அவர்களுக்கு யாரும் கயிறோ துணியோ கொடுக்கவே இல்லை. முதலுதவி என்று எழுதிய பேட்ஜைப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணை, விபத்து நடந்த இடத்தில் நாலு பேர் நம்புவார்கள். அவளும் தன்னை நம்புவாள். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. மற்ற பேட்ஜ்களில் அவசரப்பட்டால் ஒரு நல்ல வாய்ப்பு வீணாகும். இதில் அவசரப்பட்டால் ஒருவருடைய கை போகும், சில சமயம் உயிரே போகும்.

கலந்துகொண்டதற்காக ஒரு பேட்ஜ் தருவது தப்பா என்றால், இல்லை. பேரணிக்குப் போய் வந்தேன், முகாமில் இருந்தேன் என்று நினைவுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் பெண்கள் அதையெல்லாம் ஒரு முகாம் போர்வையில் தைத்து, நெருப்பைச் சுற்றி உட்காரும்போது போர்த்திக்கொள்வார்கள். அமெரிக்கக் குழுக்கள் இதில் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கின்றன: உழைத்து வாங்கியது மேலங்கியின் முன்பக்கம், நினைவுக்காகக் கிடைத்தது பின்பக்கம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் சரி என்று படுகிறது. குழந்தைகளுக்கும் எது எதுவென்று குழப்பம் இருக்காது.

பேட்ஜ் என்றாலே சமையலும் தையலும்தானே என்று சில அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, இந்த இயக்கத்தின் பழைய பட்டியலைப் பாருங்கள். 1913இல் அமெரிக்கப் பெண்களுக்குக் கொடுத்த பேட்ஜ்களில் மின்சாரம், விமானம் பற்றியவையும் இருந்தன. விமான பேட்ஜுக்கு உண்மையிலேயே பறக்கும் மாதிரி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். ரைட் சகோதரர்கள் பறந்து பத்து வருடம்கூட ஆகவில்லை அப்போது. அதே அமைப்பு 2018இல் இணையப் பாதுகாப்புக்கும் பேட்ஜ்களைக் கொண்டுவந்தது. உலகச் சங்கமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து தண்ணீர், பருவநிலை, பல்லுயிர் என்று சவால் பேட்ஜ்கள் செய்திருக்கின்றன. இவற்றுக்கான கையேடுகள் நன்றாகவே இருக்கின்றன, செய்முறைகளும் நிறைய. ஒரு குறை மட்டும் சொல்வேன்: கேப்டன் கவனமாக இல்லாவிட்டால் இந்தப் புதிய பேட்ஜ்கள் சீக்கிரம் சார்ட் ஒட்டுவதாக முடிந்துவிடுகின்றன. தண்ணீர் பேட்ஜுக்கு நெட்டில் இருந்து படம் எடுத்து ஒட்டிக் கொண்டுவந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். சொட்டும் குழாயின் கீழ் பாத்திரம் வைத்து இரவு முழுக்க எவ்வளவு வீணாகிறது என்று அளந்து, அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டு வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். பேட்ஜ் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், கற்றது ஒன்றல்ல.

முகாம் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமை பெறாது. என்னைக் கேட்டால், சேர்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். கழிகளைக் கயிறால் கட்டித் தட்டு வைக்கும் ஸ்டாண்ட், செருப்பு அடுக்கும் ஸ்டாண்ட், கை கழுவும் இடம் எல்லாம் அவர்களே செய்வார்கள். கழியில் கயிறைப் பிணைக்கும் கிளோவ் ஹிட்ச் முடிச்சைப் போட்டுத் தொடங்கி, இரண்டு கழிகளையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு கழிகளுக்கு நடுவே குறுக்காக இறுக்கிச் சுற்றி, மறுபடி கிளோவ் ஹிட்சில் முடிப்பார்கள். குறுக்குச் சுற்றை இறுக்காமல் விட்டால் ஸ்டாண்ட் மதியத்துக்குள் ஆட ஆரம்பித்துவிடும். யாரும் திட்டத் தேவையில்லை, தட்டு விழும்போது தெரிந்துவிடும்.

நெருப்பு மூட்டுவதற்கு அந்தக் காலத்தில் ஒரு தேர்வு வைத்தார்கள்: இரண்டு தீக்குச்சிக்கு மேல் கிடையாது. என் மகளின் கேப்டன் இன்னும் அதை விடவில்லை. முந்தின இரவு தூறல் போட்ட ஒரு முகாமில் நான் உதவிக்குப் போயிருந்தேன். என் மகளின் பேட்ரல் லீடர் யாரையும் தரையில் கிடந்த சுள்ளியைத் தொடவிடவில்லை. மரத்திலேயே காய்ந்து நிற்கும் மெல்லிய குச்சிகளை ஒடித்து வரச் சொன்னாள். ஒடிக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால் எடு, வளைந்தால் விட்டுவிடு என்றாள். ஊசி கனம், பென்சில் கனம், கட்டைவிரல் கனம் என்று மூன்று குவியல். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார்ந்து முதல் குச்சியை உரசினாள். அணைந்தது. யாரும் பேசவில்லை. ஊசிக் குச்சிகளை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டு இரண்டாவதை உரசினாள். பிடித்துக்கொண்டது. அதை வைத்துத்தான் அன்றைய மதியச் சாப்பாடு. பதினான்கு வயதில் இவ்வளவு நிதானம் வர முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் நான் தினமும் தேடும் குணம் அது.

உடல் குறைபாடு உள்ள பெண்களைச் சேர்ப்பார்களா என்று சிலர் தயங்கிக் கேட்பார்கள். சேர்க்க வேண்டும், தேர்வையும் அவளுக்கேற்ப மாற்றி வைக்கலாம், விதியிலேயே அதற்கு இடம் உண்டு. ஒரு கை மட்டும் முழுதாக வேலை செய்யும் பெண்ணுக்கு நான் தேர்வு வைத்தேன். அவள் துணியின் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு, மறு நுனியை அடிபட்டவளாக நடித்த பெண்ணின் நல்ல கையில் கொடுத்து, எங்கே இழுக்க வேண்டும், எதன் மேல் எது போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே முடிச்சை வரவழைத்தாள். நிஜ விபத்தில் அப்படித்தானே செய்ய வேண்டியிருக்கும். அவள் பேட்ஜ் யாருடைய பேட்ஜுக்கும் குறைந்ததில்லை.

மேல்நிலை விருதுகளைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் கைடுகளுக்குக் குடியரசுத் தலைவர் விருது வரை போகலாம். அமெரிக்காவில் 1980 முதல் கோல்டு அவார்டு இருக்கிறது. அதற்கு ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைத் தானே திட்டமிட்டு 80 மணி நேரமாவது உழைக்க வேண்டும் என்பது வழிகாட்டல். இவையெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் இதையே குறியாக வைத்துக் குழந்தையைச் சேர்க்கும் பெற்றோர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுமா என்பதே அவர்களின் முதல் கேள்வி. அப்படி வரும் வீட்டில், செய்ததையெல்லாம் பெண்ணே பதிய வேண்டிய லாக் புக்கை அம்மா எழுதுகிறார், மாடலை அப்பா ஒட்டுகிறார். தேர்வு மேஜையில் அது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். “இந்த இடத்தில் ஏன் இந்தக் கயிறு?” என்று கேட்டால் பெண் கதவுப் பக்கம் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கும்.

என் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலுதவி பேட்ஜை ஒரு முறை வாங்கினால் அது சட்டையிலேயே இருந்துவிடுகிறது. எங்கள் மருத்துவமனையில் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றை 2 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும் என்பது எண்ணாகத் தலையில் நிற்கும், ஆனால் கை மறந்துவிடும். குழுக்களிலும் வருடம் ஒரு முறை திரும்பச் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்று நான் போகும் இடத்தில் எல்லாம் கேட்கிறேன். சில கேப்டன்கள் ஒத்துக்கொண்டு செய்கிறார்கள். இன்னொரு குறை, கேப்டன்கள் போதவில்லை. ஊதியம் இல்லாத வேலை, வாரா வாரம் வர வேண்டும், முகாமில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். பெற்றோர்களில் ஒன்றிரண்டு பேராவது தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முன்வந்தால் பேட்ஜின் தரம் தானாக ஏறும். நீங்கள் எலெக்ட்ரீஷியனா, கணக்கு எழுதுபவரா, தோட்டம் போடுபவரா? உங்களிடம் தேர்வுக்கு வர ஒரு பேட்ஜ் நிச்சயம் இருக்கும்.

சீருடை, முகாம் செலவு இருக்கத்தான் செய்யும். நல்ல குழுக்களில் மூத்த பெண்களுக்குச் சின்னதாகிப் போன சட்டைகளை வாங்கி வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முடிச்சு போடும் கயிறு கேப்டன் கையில் இருக்கிறதா, பெண்கள் கையில் இருக்கிறதா? புதிதாக வந்த சின்னப் பெண்ணுக்குச் சொல்லித் தருவது யார்? சட்டையில் நிறைய பேட்ஜ் உள்ள ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, “இதுக்கு என்ன செஞ்சே?” என்று ஏதாவது ஒரு பேட்ஜைக் காட்டிக் கேளுங்கள். அவள் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தால் அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிவிடுங்கள். கடைசியாகக் கேப்டனிடம் ஒரு கேள்வி: போன முறை பேட்ஜ் தேர்வுக்கு வெளியிலிருந்து யார் வந்தார்கள், எத்தனை பேரை மறுபடி வரச் சொன்னார்கள்? யாரையுமே வரச் சொல்லவில்லை என்றால் வேறு குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.